சூடானால் நிற்கும் வண்டி

மேட்டின் பாதியில் வண்டி மறுபடியும் நின்றது.

பின்னால் வந்த வேன்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. ஸ்டியரிங் பிடித்திருந்தவள் சாவியைத் திருகினாள், கியர் போட்டாள், கிளட்சை மெல்ல விட்டாள். வண்டி இரண்டு குலுக்குக் குலுங்கி, ஒரு முறை இருமி, அப்படியே அடங்கிப்போனது.

“என்னாலதான்,” என்றாள்.

“உன்னால இல்லம்மா,” என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர். அவர் நெற்றியெல்லாம் வேர்வை. “கிளட்ச் விட்டது சரி. ஆக்ஸிலரேட்டர் கொடுத்தது சரி. வண்டி இழுக்கல. அதுக்கு நீ என்ன பண்ணுவ?”

மனைவிக்குக் கார் ஓட்டக் கற்றுத்தரும் கணவர்கள் பொதுவாக இப்படிப் பேசுவதில்லை. முதல் நாள் ‘கண்ணு’ என்பார்கள். இரண்டாம் நாள் ‘கண்ணு தெரியலையா’ என்பார்கள். மூன்றாம் நாள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடுவார்கள். இவர் அந்த ரகம் இல்லை. கற்றுத்தருவதுதான் இவருக்குத் தொழில். தெருக்கோடியில் ஓர் அறை, வாசலில் ஒரு கார், அவ்வளவுதான் இவருடைய டிரைவிங் ஸ்கூல். அக்கம்பக்கத்தில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு இவர்தான் வாத்தியார். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. முதல் நாள் மனைவி ஒரு மதில் சுவருக்குச் சாண் தூரத்தில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தியபோதுகூட, “இதெல்லாம் எல்லாருக்கும் நடக்கறதுதான்,” என்று சிரித்தவர் அவர்.

வேன்காரர் இறங்கி வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

“என்ன வாத்தியாரே, வீட்டுக்காரம்மாவுக்கே ஓட்ட வரலையா?”

“வண்டி சரியில்லப்பா.”

“ஆமாமா. வண்டிதான் சரியில்ல,” என்றார் வேன்காரர். சொற்கள் என்னவோ ஒத்துக்கொள்கிற மாதிரிதான் இருந்தன. குரல் அப்படி இல்லை.

இருவரும் இடம் மாறி உட்கார்ந்தார்கள். வாத்தியார் ஓட்ட, வண்டி ஒரு முனகல்கூட இல்லாமல் மேடு ஏறியது.

“நீங்க ஓட்டினா ஓடுது,” என்றாள் மனைவி, வெளியே பார்த்துக்கொண்டு.

“எனக்குப் பழகின வண்டி. தட்டிக்கொடுத்து ஓட்டறேன். உனக்கு எதுக்கு அந்தத் தலையெழுத்து? நான் வண்டியைச் சரி பண்றேன்.”

அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பல வருஷமாக ஒரே வார்டு, ஒரே வராந்தா. இப்போது அங்கே ஒரு புதிய பிரிவு தொடங்குகிறார்கள். எழுந்து நடக்க முடியாத நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் வேலை. கார் ஆஸ்பத்திரியே தரும், ஓட்டிக்கொண்டு போக வேண்டியது நர்ஸ். அந்த வேலையை அவள் ஆசைப்பட்டுக் கேட்டாள். கிடைத்தும்விட்டது, லைசென்ஸ் ஒன்றுதான் பாக்கி. டெஸ்ட் தேதியை இரண்டு முறை வாத்தியாரே தள்ளிவைத்தார், ‘வண்டியைச் சரி பண்ணிட்டுப் போயிடலாம்’ என்று. மேட்ரன் இப்போது கறாராகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை டெஸ்ட்டில் பாஸ் ஆக வேண்டும், இல்லையென்றால் அந்த வேலை இன்னொருத்திக்கு. இது வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

இதில் வாத்தியாருக்கும் மானப் பிரச்சினை இருந்தது. ஆனால் அவரை உறுத்தியது அது இல்லை. வார்டில் எந்த அவசரத்துக்கும் கை நடுங்காதவள், இந்த ஒரு மேட்டில் ‘என்னாலதான், என்னாலதான்’ என்று சொல்லிச் சொல்லிச் சுருங்கிப்போவதை அவரால் பார்க்க முடியவில்லை. பழி வண்டியின் மேல்தான் என்று நிரூபித்தே தீருவது என்று முடிவு செய்தார்.

சனிக்கிழமை காலையில் வழக்கமான மாணவர்கள் வந்தார்கள். தையல்கடை அம்மாள் அந்த மேட்டில் சிரமமில்லாமல் ஏறினார். மருந்துக்கடைக்காரர் ஏறினார், அதுவும் பாட்டுப் பாடிக்கொண்டு. வாத்தியார் சாய்ந்து உட்கார்ந்து யோசித்தார். காலையில் எல்லோருக்கும் ஓடும் வண்டி, சாயங்காலம் டியூட்டி முடிந்து மனைவி வந்து எடுத்தால் மட்டும் ஏன் நிற்கிறது? காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் நாள் முழுக்க ஓடிச் சூடேறிவிடுகிறது. அப்படியானால் இது சூட்டில் வரும் கோளாறு. வாத்தியாருக்குத் தன் புத்திசாலித்தனத்தை நினைத்துச் சற்றுப் புல்லரித்தது.

டிரைவிங் ஸ்கூல் வைப்பதற்கு முன்னால் அவர் பட்டறையில் வேலை பார்த்தவர். தன் வண்டியில் வேறொருவர் ஸ்பேனர் வைக்க விடமாட்டார். அந்தக் கார் அவர் வாங்கும்போதே பழசு. கூரையில் ஒரு பலகை, வாத்தியார் பக்கத்துக்கென்று தனியாக ஒரு கண்ணாடி, தனியாக ஒரு பிரேக், மற்றபடி சாதாரண பெட்ரோல் வண்டி. இன்றைய வண்டிகள் ஒரு ஒயரைச் செருகினால் தங்கள் நோயைத் தாங்களே ஒப்பித்துவிடும். இது வாயைத் திறக்காது. பார்த்து, கேட்டு, முகர்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

மதியம் பானட்டைத் திறந்து பெட்ரோலைப் பொறி தட்டிப் பற்றவைக்கும் நான்கு பிளக்குகளையும் கழற்றிப் பார்த்தார். நான்கின் முனைகளும் பிஸ்கட் நிறத்தில் இருந்தன. பெட்ரோல் அளவாக எரிகிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. வாத்தியாருக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. ஆரோக்கியத்தைப் பார்த்து இவ்வளவு வருத்தப்பட்டவர் வேறு யாரும் இருக்க முடியாது. இருந்தாலும் விடவில்லை, புதுப் பிளக் வாங்கி, இடைவெளி அளந்து போட்டார். ஏர் ஃபில்டரைத் தட்டினார். கரண்டை விட்டு விட்டுத் தரும் பாயிண்ட்டை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார். ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் தையல் மிஷின் மாதிரி சீராக ஓடியது.

சாயங்காலம் மனைவி ஓட்டினாள். வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து, முழு உடம்பையும் காதாக்கிக்கொண்டு, எஞ்சின் சத்தத்தைக் கேட்டபடி வந்தார். சமதளத்திலேயே வண்டி முக்கியது. மேட்டில் நின்றது. போதாததற்கு ஏதோ கருகுகிற வாடை.

“வாடை வருதுல்ல?” என்றார் வாத்தியார். அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம். “காயில் சூடாகுது. நான் சொன்னேன்ல, வண்டிதான்.”

“காயில்னா?”

“பிளக்குக்குக் கரண்ட் அனுப்பறது. சூடானா சோர்ந்துபோயிடும்.”

“என்னை மாதிரின்னு சொல்லுங்க,” என்றாள் அவள். சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மைத்துனன் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி, செல்போன் கடை வைத்திருக்கிறான். கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. ஆனால் கார் ரிப்பேர் வீடியோக்களை ஒன்று விடாமல் பார்ப்பவன். புதுக் காயில் மாட்டி முடித்திருந்த வாத்தியாரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

“மாமா, இது காயில் இல்ல.”

“அப்புறம்?”

“பெட்ரோல் டியூப் எஞ்சின் பக்கத்துலயே போகுது பாருங்க. சூட்டுல உள்ளேயே ஆவியாகுது. ஆவி வந்து அடைச்சுக்குது. பெட்ரோல் வரல. ஒருத்தர் ஈரத்துணி சுத்தி சரி பண்ணினார், நான் பார்த்தேன்.”

“எங்க பார்த்த?”

“போன்லதான்.”

வாத்தியார் அவனை விரட்டியிருக்க வேண்டும். ஆனால் பழைய வண்டிகளில் அப்படி நடப்பது உண்டு என்பது அவருக்கும் தெரியும். நாளைக்கு டெஸ்ட். எந்தச் சந்தேகத்தையும் விட்டுவைக்க மனமில்லை. மைத்துனன் குளித்துவிட்டு வந்த துண்டையே நனைத்து பெட்ரோல் பம்ப்பின் மேல் சுற்றினார்கள். கொடியில் இருந்த துணி கிளிப்புகளை எடுத்து டியூப் நெடுக மாட்டினார்கள். எஞ்சின் ஏதோ துவைத்துக் காயப்போட்ட சாமான் மாதிரி ஆகிவிட்டது. ஸ்டார்ட் செய்தார்கள். துண்டின் நுனி மெல்ல நழுவி, ஃபேனில் மாட்டியது. ஒரே ஒரு கணம்தான். துண்டு உள்ளே போயிற்று, அதன் கூடவே துணி கிளிப்புகள் நாலாபக்கமும் பறந்தன, எதிலோ இடித்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் விரிசல் விழுந்தது.

“என் துண்டு,” என்றான் மைத்துனன்.

“என் மூடி,” என்றார் வாத்தியார்.

நான்கு பிளக்குகளுக்கும் முறைவைத்துக் கரண்டைப் பங்குபோட்டுக் கொடுக்கும் சமாசாரம்தான் டிஸ்ட்ரிபியூட்டர். அதன் மூடியை மாற்ற வேண்டுமானால் மேலே இருக்கும் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எங்கே இருந்தது என்று பார்த்து மாட்ட வேண்டும். வாத்தியார் தேடிப்பிடித்துப் புது மூடியோடு வருவதற்குள், உதவி செய்கிற நல்லெண்ணத்தில் மைத்துனன் எல்லா ஒயரையும் மொத்தமாகப் பிடுங்கி, துடைத்து, அழகாக வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். அவனுக்குத் தெரிந்த வரிசை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எஞ்சினுக்குத் தெரிந்த வரிசை வேறு.

“வரிசையாத்தானே மாமா இருக்கு?”

“மாப்ள, அது ரேஷன் கடை இல்ல.”

வாத்தியாருக்கு அந்த முறை மனப்பாடம். ஆனால் அவசரத்தில் முதல் ஒயரையே ஒரு இடம் தள்ளி மாட்டித் தொடங்கிவிட்டார். சாவியைத் திருகினார். சைலன்சரில் இருந்து ‘டமார்’ என்று ஒரு வெடி. எதிர்வீட்டுக்காரர் சவரம் பண்ணிய கையோடு வெளியே ஓடிவந்தார். முகத்தில் பாதி நுரை. இரண்டாவது வெடியில் வந்த கரி, அவர் வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டைகளின் மேல் பொட்டுப் பொட்டாக இறங்கியது.

“வாத்தியாரே, வண்டியைச் சரி பண்றீங்களா, இல்ல எங்களையா?”

“டைமிங் கொஞ்சம் விலகிடுச்சு, சார்.”

“எங்க சட்டை வரைக்கும் விலகியிருக்கு.”

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்து, ஒயர்களை மாற்றி மாட்டி, பொறி விழும் நேரமான டைமிங்கைத் திருப்பினார். ஒரு நூல் அதிகமாகத் திருப்பிவிட்டார் போல. எஞ்சினுக்குள் யாரோ உட்கார்ந்து கொட்டாப்புளியால் தட்டுகிற மாதிரி சத்தம் கேட்டது. அதைக் குறைக்கப் போய் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் கை வைத்தார். கறுப்புப் புகை வந்தது. புகை ஏன் என்று பார்க்கக் கார்புரேட்டரையே கழற்றினார். அப்போது அரிசி அளவில் ஒரு ஸ்பிரிங் துள்ளிக் குதித்து, வாசலில் எங்கேயோ விழுந்து, காணாமல் போனது. வாத்தியாரும் மைத்துனனும் தவழ்ந்து தேடினார்கள். எதிர்வீட்டுக்காரரும், சட்டையை மறந்து, வந்து கொஞ்ச நேரம் தவழ்ந்தார். கடைசியில் அது மைத்துனனின் செருப்பு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மனைவி டியூட்டி முடிந்து மதியமே வந்துவிட்டாள். பழைய சாக்கின் மேல் எஞ்சினின் பாதி உறுப்புகள் பரப்பி வைக்கப்பட்டிருந்தன. வெள்ளிக்கிழமை மேட்டில் மட்டும் நின்ற வண்டி, ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் எங்கேயுமே ஓடாத வண்டியாக மாறியிருந்தது. அவள் உள்ளே போய்ப் போனைக் கையில் எடுத்தாள்.

“யாருக்கு?” என்று பின்னாலேயே வந்தார் வாத்தியார்.

“மேட்ரனுக்கு. வேண்டாம்னு சொல்லிடறேன். வேற யாராவது போகட்டும்.”

“ஏன்?”

“ஏன்னா? நீங்க ஓட்டினா ஓடுது. தையல்கடை அம்மா ஓட்டினா ஓடுது. மருந்துக்கடைக்காரர் பாடிக்கிட்டே ஏறினாராம். எனக்கு மட்டும் நிக்குது. எனக்காக வண்டியைத் துண்டு துண்டாக் கழட்டிப் போட்டிருக்கீங்க. இன்னும் எத்தனை நாள் வண்டி மேலயே பழியைப் போடுவீங்க? எனக்கு வராதுன்னு ஒரு தடவை நேராச் சொல்லிடுங்க. எனக்கும் நிம்மதி.”

வாத்தியாருக்கு வெட்கமாக இருந்தது. துண்டு, மூடி, ஸ்பிரிங் என்று காலையிலிருந்து அடித்த கூத்தெல்லாம் அவள் முகத்தைப் பார்த்ததும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

“உனக்கு வரும்,” என்றார். “எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கேன். எனக்குத் தெரியாதா? போனைக் கீழே வை. சாயங்காலம் வரைக்கும் டைம் கொடு. ஒண்ணாம் நம்பர் பிளக்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.”

அவள் போனை வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிப் பையில் இருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“நானும் வரேன். அவனை உள்ளே உட்காரச் சொல்லுங்க.”

மைத்துனன் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனான்.

அதற்குப் பிறகு நடந்ததை வேலை என்று சொன்னால் போதாது. அவள் முதலில் சாக்கின் மேல் கிடந்ததையெல்லாம் துடைத்து, அளவு வாரியாக அடுக்கினாள். வாத்தியார் பானட்டுக்குள் தலையை விட்டபடி கையை மட்டும் நீட்டுவார். “பத்து நம்பர்” என்பார். பத்து நம்பர் ஸ்பேனர் உள்ளங்கையில் வந்து அமரும். “ஸ்க்ரூ டிரைவர்” என்பதற்குள் அதுவும் வரும், சரியான முனை முன்னால் இருக்கும்படி. பட்டறையில் அவரோடு வேலை பார்த்த ஒருவரும் இப்படிக் கொடுத்ததில்லை.

ஒன்றாம் நம்பர் பிளக் துளையின் மேல் அவளை விரல் வைக்கச் சொல்லிவிட்டு, எஞ்சினைக் கையாலேயே மெல்லச் சுற்றினார்.

“உள்ளே இருந்து காத்து தள்ளும். தள்ளும்போது சொல்லு.”

“வருது. வருது. நல்லாத் தள்ளுது,” என்றாள். “நின்னுடுச்சு.”

“அதான். அதுதான் கணக்கு. அங்கிருந்துதான் டைமிங்.”

நாடி பார்த்துப் பழகின விரல் அது. பட்டறையில் மூத்த மெக்கானிக்குகளே இரண்டு தரம் சுற்றிப் பார்ப்பார்கள்; அவளுக்கு ஒரே தரத்தில் பிடிபட்டது. அதிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டரை உட்கார வைத்தார். ஒயர்களை முறைப்படி ஒவ்வொன்றாக மாட்டினார். பாயிண்ட் இடைவெளியைத் தகடு வைத்து அளந்தார். கார்புரேட்டரைப் பெட்ரோலில் கழுவி, ஸ்பிரிங்கை அதன் இடத்தில் வைத்து, கலவை ஸ்க்ரூவை உள்ளே திருகி, எஞ்சின் திணறும் இடம் வரை போய், அங்கிருந்து இழை இழையாக வெளியே எடுத்தார். சத்தம் முதலில் தடுமாறியது, பிறகு கரகரத்தது, பிறகு ஒரே சுருதியில் நின்றது.

பானட்டை மூடப் போனவரின் கையைப் பிடித்தாள்.

“இருங்க. மூடறதுக்கு முன்னாடி எண்ணணும்.”

எண்ணினாள். ஒரு ஸ்பேனர் குறைந்தது. பேட்டரியின் பின்னால் கிடந்தது. அப்படியே மூடியிருந்தால் வழியிலேயே வேறு ஒரு கதை நடந்திருக்கும்.

பானட்டின் மேல் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டார்கள். தண்ணீர் அசையவில்லை. மைத்துனன் வெளியே வந்து டம்ளரையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். “மாமா, வண்டி ஸ்டார்ட்ல இருக்கா?” என்று கேட்டான். வாத்தியாரின் வாழ்க்கையில் எந்த மாலை மரியாதையும் அதற்கு ஈடாக இருந்ததில்லை.

“போலாமா?” என்றாள் மனைவி. அவள் முகம் தெளிந்திருந்தது.

போனார்கள். மைத்துனன் பின் சீட்டில். வாத்தியார் பக்கத்து இருக்கையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு. வண்டி தெருவைத் தாண்டும்போதே கனத்தது. கடைவீதியில் முக்கியது. மேட்டின் பாதியில் நின்றது.

அதே வேன் பின்னால் வந்து நின்றது. வேன்காரர் ஹாரன்கூட அடிக்கவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

“இந்த வண்டியை விட்டுத் தொலைச்சிடறேன்,” என்றார் வாத்தியார் கடைசியில். “எனக்கு ஒண்ணுமே புரியல. எல்லாம் சரியா இருக்கு. உயிரைக் கொடுத்துப் பண்ணினேன். நாளைக்கு வேண்டாம்மா. நான் வந்து மேட்ரன்கிட்ட பேசறேன், இன்னும் ஒரு வாரம் கேக்கறேன்.”

அவள் ஸ்டியரிங்கை விடவில்லை. டியூட்டி முடிந்து வந்ததும் போனைக் கையில் எடுத்தவள் இல்லை இப்போது இருந்தவள். மத்தியானம் முழுக்க அந்த எஞ்சினின் ஒவ்வொரு உறுப்பையும் கையில் வாங்கித் துடைத்துக் கொடுத்தவள்.

“இல்ல,” என்றாள். “நாளைக்கு நான் போறேன். நடுவுல நின்னா நிக்கட்டும். மறுபடியும் ஸ்டார்ட் பண்றேன். மறுபடியும் நின்னா இறங்கித் தள்ளறேன். ஆனா நானா வேண்டாம்னு சொல்லமாட்டேன். ஃபெயில்னு அந்த இன்ஸ்பெக்டர் சொல்லட்டும்.”

“அக்கா, தள்ளறதுக்கு நான் வரேன்,” என்றான் பின் சீட்டில் இருந்து மைத்துனன். அன்று அவன் சொன்னதில் உருப்படியானது அதுதான்.

திங்கட்கிழமை டெஸ்ட் மைதானம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஓரமாக ஒரு தகரக் கூரை, அதன் கீழே ஒரு மேஜை. மைதானத்தின் நடுவே எட்டு வடிவத்தில் கற்கள், கடைசியில் டெஸ்ட்டுக்கென்றே கட்டிய ஒரு மேடு. வீட்டு மேட்டைவிடச் செங்குத்தானது. வாத்தியார் அதை ஏற இறங்கப் பார்த்தார். அவர்தான் அங்கே வரை ஓட்டிவந்தார். வண்டி வழக்கம்போலச் சமர்த்தாக வந்தது. வரிசை நீளமாக இருந்ததால் வண்டி வெயிலில் நின்று நின்று, பானட்டைத் தொட்டால் கை சுடும் அளவுக்குக் காய்ந்துபோனது.

“சூடேறிடுச்சு,” என்று மைத்துனனின் காதில் முணுமுணுத்தார். “போச்சு.”

இன்ஸ்பெக்டர் தொப்பையும் அலுப்புமாக நடந்துவந்தார். அதிகம் பேசாத மனிதர். வாத்தியாரைப் பல வருஷமாகத் தெரியும், அதற்காக யாரையும் பாஸ் போட்டதில்லை.

“யாரு ஓட்டறது?”

“நான்தான் சார்,” என்றாள் மனைவி.

“நீங்க இறங்குங்க வாத்தியாரே.”

“சார், ஒரு விஷயம். வண்டி சூடானா மேட்டுல கொஞ்சம் இழுக்காது. இவங்க நல்லா ஓட்டுவாங்க. நின்னா அது வண்டியோட தப்பு, இவங்க தப்பு இல்ல. அதை மட்டும் கொஞ்சம்...”

“இறங்குங்க.”

வாத்தியார் இறங்கினார். இன்ஸ்பெக்டர் அந்த இடத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். மைத்துனன் தள்ளுவதற்குத் தயாராகச் சட்டைக் கையை மடித்துவிட்டான்.

வண்டி கிளம்பியது.

கிளம்பிய விதத்திலேயே வாத்தியார் நிமிர்ந்து நின்றார். ஒரு குலுங்கல் இல்லை. எட்டு போட்டது, ஒரு கல்லைக்கூட உரசவில்லை. பின்னால் வந்து கட்டத்துக்குள் நின்றது. பிறகு மேட்டை நோக்கித் திரும்பியது. வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார்.

“மாமா, ஏறுது,” என்றான் மைத்துனன்.

கண்ணைத் திறந்தார். பாதி மேட்டில் வண்டி நின்றது. ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர்தான் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். ஒரு நொடி. வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் உருளாமல், முணுமுணுத்தபடி மேலே ஏறி, உச்சியைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கியது.

வாத்தியார் மைதானம் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டார். மைத்துனனின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“டைமிங், மாப்ள. நேத்து நான் வச்ச டைமிங். ராத்திரி முழுக்க எஞ்சின் ஆறி இன்னிக்குத்தான் செட் ஆகியிருக்கு. பார்த்தியா, எவ்வளவு சூட்டுல ஏறுதுன்னு?”

“ஆமா மாமா. துண்டு போனாலும் பரவாயில்ல.”

வண்டி தகரக் கூரையின் பக்கம் வந்து நின்றது. மனைவி இறங்கினாள். சிரித்த சிரிப்பிலேயே எல்லாம் இருந்தது. கையில் மஞ்சள் நிறச் சீட்டு, அதில் பாஸ் என்ற முத்திரை இன்னும் ஈரமாக இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வாத்தியார் அவளை இவ்வளவு நிமிர்வாகப் பார்த்ததில்லை.

இன்ஸ்பெக்டர் மெதுவாக வெளியே வந்தார். வாத்தியாரால் சும்மா இருக்க முடியவில்லை.

“சார், வண்டி எப்படி இழுத்துச்சு? நானே பிரிச்சு ட்யூன் பண்ணினது. புதுக் காயில், புது மூடி, பாயிண்ட், கார்புரேட்டர், எல்லாம். இவங்க ஓட்டும்போது மட்டும் சூட்டுல ஒரு கோளாறு வந்துக்கிட்டே இருந்துச்சு சார், கடைசியில அதைப் பிடிச்சிட்டேன்.”

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிப் பைக்குள் செருகினார்.

“உங்க எஞ்சினுக்கு எந்தக் காலத்துலயும் ஒண்ணும் இல்ல வாத்தியாரே, நான் உட்கார்ந்த பக்கத்துப் பிரேக் பெடல்ல ரப்பரே இல்லாம தேஞ்சு கிடக்கு, இனிமே அம்மா ஓட்டும்போதாவது காலை அதுமேல இருந்து எடுத்துக் கீழே வைங்க.”